பாடம் 9: பொத்தான் தந்தவர் – சார்லஸ் கெட்டரிங்

நுழையும் முன்

வீட்டில் நீங்கள் ‘கார்’ என்று சொல்வது இப்பாடத்தில் ‘மகிழுந்து’ என வரும். குளிர்காலக் காலைகளில் ‘செல்ஃப் எடுக்கவில்லை’ என்று உங்கள் தந்தையார் சலித்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தச் செல்ஃபைத் தமிழில் ‘மின் துவக்கி’ எனலாம். அதை உருவாக்கியவரின் வாழ்க்கையே இப்பாடம். முதலில் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். பொருள் தேடுவது பிறகு.

பாடம்

சார்மினாரிலிருந்து சிறிது தொலைவு நடந்தால் சௌமகல்லா அரண்மனையை அடையலாம். அங்கே பாதுகாக்கப்படும் பழைய மகிழுந்துகளுள் மஞ்சள் நிறமுடைய ஒன்று எல்லாருடைய கண்களையும் ஈர்க்கும். அது 1912இல் இங்கிலாந்தில் செய்யப்பட்ட ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட். ஆறாம் நிஜாம் மீர் மகபூப் அலிகான் விரும்பிக் கேட்ட வண்டி. அது வந்து சேருமுன்பே, 1911இல் அவர் மறைந்தார். அவருடைய மைந்தர் மீர் உஸ்மான் அலிகான் அதனைப் பயன்படுத்தினார். வண்டியின் பின்பகுதியில் அரியணைபோல் உயர்ந்த இருக்கை உண்டு. இத்தனைச் சிறப்பும் வாய்ந்த அவ்வண்டியைக் கிளப்புவதற்கு அக்காலத்தில் ஒரே வழிதான் இருந்தது. ஒருவர் முன்புறம் சென்று, குனிந்து, இரும்புக் கைப்பிடியைச் செருகி, வலிமையெல்லாம் திரட்டிச் சுழற்ற வேண்டும். மன்னரே அமர்ந்திருந்தாலும், அவ்வண்டியின்முன் ஒருவர் முதுகு வளைந்தால்தான் அது உயிர்பெறும். அவ்வகை வண்டிகளுக்கு மின் துவக்கி 1919இல்தான் வாய்த்தது.

அதே 1912ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த காடிலாக் மகிழுந்தில் கைப்பிடிக்கு வேலை இல்லை. ஓட்டுநர் தம் இருக்கையில் அமர்ந்தபடியே இயந்திரத்தைக் கிளப்பினார். அதனைச் செய்துகாட்டியவர் சார்லஸ் பிராங்க்ளின் கெட்டரிங்.

இவரைப் பற்றி எழுத என்னைத் தூண்டியது என்னுடைய பழைய மகிழுந்துதான். பணிமாற்றம் பெற்று இந்நகருக்கு வந்தபோது, ஒருவர் ஓட்டிக் கழித்ததை வாங்கினேன். நாளடைவில் அதன் சாவித்துளை தேய்ந்துவிட்டது. எத்தனைமுறை திருகினாலும் சில நாள்களில் வண்டி வாய்திறக்காது. பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, புதிய வண்டிகளில் உள்ளதுபோல் ஒரு பொத்தானைப் பொருத்திவிடலாம் என்றார். அரைநாள் வேலை. நான் அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

துளையைச் செப்பனிட்டாரே தவிர, சாவியை அவர் நீக்கவில்லை. மின்னோட்டத்தைத் திறந்துவிடுவதும் திசைதிருப்பும் சக்கரத்தின் பூட்டை விடுவிப்பதும் சாவியின் பணி. அந்தப் பூட்டை எடுத்துவிட்டால் வண்டி திருடர்க்கு எளிதாகிவிடும்; ஓடும்போது அது தானே விழுந்துவிட்டாலோ வண்டியைத் திருப்பவே இயலாது. ஆகவே, அதில் அவர் கைவைக்கவில்லை. துவக்க மோட்டாரைச் சுழலச் செய்யும் பணி மட்டும் பொத்தானுக்கு வந்தது. பொத்தான் வழியே செல்வது மெல்லிய மின்னோட்டமே. அது ‘ரிலே’ என்னும் சிறு பெட்டியைத் தட்டி எழுப்பும். அப்பெட்டி பெரிய இணைப்பான் ஒன்றை மூடச் செய்யும். உடனே மின்கலத்திலிருந்து விரற்பருமனுள்ள கம்பி வழியே நூறு ஆம்பியருக்கும் மிகுந்த மின்னோட்டம் மோட்டாருக்குப் பாயும். அவ்வளவும் பொத்தான் வழியே சென்றால் பொத்தான் கருகிப்போகும். இதனோடு அவர் நிற்கவில்லை. தடைமிதியை, அதாவது பிரேக்கை, அழுத்தியிருந்தால் மட்டுமே பொத்தான் வேலை செய்யும்படி இன்னொரு கம்பியையும் சேர்த்தார். வண்டி கியரில் நிற்கும்போது விளையாட்டாகக் குழந்தை ஒன்று பொத்தானைத் தொட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த ஒரு கம்பிக்கு ஆகும் செலவை மிச்சம் பிடிப்போரும் இருக்கிறார்கள் என்று அவர் வருத்தத்தோடு சொன்னார்.

மறுநாள் என் வகுப்பு மாணவர்கள் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, சாருடைய பழைய வண்டிக்குப் புதுமை வந்துவிட்டது என்று மகிழ்ந்தனர். உண்மை வேறு. பொத்தான்தான் பழையது, சாவியே பின்னால் வந்தது. சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பும் முறையை கிரைஸ்லர் நிறுவனம் 1949இல்தான் கொண்டுவந்தது. அதற்குமுன் கையால் ஒரு பொத்தானை அழுத்துவதோ காலால் ஒரு குமிழை மிதிப்பதோதான் பெருவழக்காக இருந்தது. இனி, அவ்வழக்கத்திற்கு வித்திட்டவரிடம் செல்வோம்.

கெட்டரிங் 1876 ஆகஸ்டு 29 அன்று, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் லவுடன்வில் என்னும் ஊரின் அருகே ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். அவருக்கு அறிவு கூர்மை, கண்களோ வலுவிழந்தவை. சிறிது நேரம் படித்தாலே தலைவலி வாட்டும். பள்ளிப்படிப்பு முடிந்ததும் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் ஆசிரியரானார். மாலை வேளைகளில் மின்சாரம், காந்தம், வெப்பம் ஆகியவற்றைச் செய்முறையால் விளக்கிக் காட்டி மாணவர்களைக் கவர்ந்தார் என்று அறிகிறோம். (ஆசிரியத் தொழிலர் என்ற முறையில் எனக்கு அவர்மீது சிறிது கூடுதல் பற்று உண்டு என்பதை மறைக்கவில்லை.)

பின்னர் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயிலச் சேர்ந்தார். கண்ணோய் முற்றியதால் படிப்பை இடையில் விட நேர்ந்தது. மனம் உடைந்த நிலையில், தொலைபேசிக் கம்பம் நடும் கூலியாள்களின் குழுவில் வேலைக்குப் போனார். குழி தோண்டினார், கம்பி இழுத்தார். திறந்தவெளி உழைப்பு அவர் கண்களுக்கும் உள்ளத்திற்கும் ஓய்வு தந்தது. தாம் கற்ற மின்னியல் அங்கே கைத்தொழிலுக்கு உதவுவதையும் கண்டார். மீண்டும் பல்கலைக்கழகம் சென்றார். அறைத்தோழர்கள் நூல்களை உரக்கப் படிக்க, இவர் கேட்டுக் கற்றார். 1904இல், இருபத்தேழாம் வயதில் மின்பொறியியல் பட்டம் பெற்றார். உடன் பயின்றோர்க்கு அது சற்றுக் காலந்தாழ்ந்த வயதே.

பட்டம் பெற்றவுடன் டேட்டன் நகரில் இருந்த நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் நிறுவனம் அவரை அமர்த்திக்கொண்டது. கடைகளின் கல்லாப்பெட்டியைக் கணக்குப் பொறியாக்கி விற்ற நிறுவனம் அது. விற்பனையாளர் ஒவ்வொரு முறையும் தொகையைப் பதிந்தபின் ஒரு கைப்பிடியைச் சுற்ற வேண்டும். அப்போதுதான் கணக்கு ஏறும், பெட்டி திறக்கும். இதனை மின்சாரத்தால் இயக்க முடியுமா என்பதே இளம்பொறியாளர்முன் வைக்கப்பட்ட கேள்வி. அத்தனை ஆற்றலுள்ள மோட்டார் அந்தச் சிறு பெட்டிக்குள் அடங்காது என்பது மற்றவர் கருத்து.

கெட்டரிங் சிந்தித்தது வேறுவழியில். நாள்முழுதும் ஓடும் மோட்டார்தான் பெரிதாக இருக்க வேண்டும். இல்லையெனில் சூடேறி எரிந்துபோகும். கல்லாப்பெட்டி மோட்டாரோ ஒரு நொடி உழைத்துவிட்டு நெடுநேரம் ஓய்வெடுக்கும். ஓய்வில் சூடு தணிந்துவிடும். அப்படியானால் சிறு மோட்டாருக்கும் அதன் அளவை மீறிய வேலையை அந்த ஒரு நொடிக்குத் தரலாம். 1906இல் மின்சாரக் கல்லாப்பெட்டி உருவானது.

நம் ஊர்த் தேரோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். விடுமுறையில் சொந்த ஊர் சென்றபோது பார்த்திருப்பீர்கள். வடத்தைப் பிடித்து ஆயிரம்பேர் இழுத்தாலும், நின்ற தேர் முதலில் அசைய மறுக்கும். அப்போது பின்சக்கரங்களுக்கு அடியில் நெம்புகட்டையைக் கொடுத்துச் சிலர் மூச்சடக்கி உந்துவர். தேர் நகர்ந்ததும் அவர்கள் விலகிக்கொள்வர். நாள்முழுதும் அவ்வாறு உந்த எவராலும் இயலாது, தேவையும் இல்லை. கெட்டரிங் கண்டது இந்த நெம்புகட்டைக்காரரின் கணக்கைத்தான்.

அந்நிறுவனத்தில் உயர்பொறுப்பில் இருந்த எட்வர்டு டீட்ஸ் என்பவர், இனி வருங்காலம் மகிழுந்துகளுக்கே என்று எண்ணினார். அவருடைய வீட்டுப் பின்புறத்தில் இருந்த தானியக் கொட்டகை ஆய்வுக்கூடமாக மாறியது. பகலில் அலுவலகம், இரவில் கொட்டகை. அங்கே இயந்திரத்திற்குத் தீப்பொறி தரும் மேம்பட்ட அமைப்பை முதலில் செய்தனர். காடிலாக் நிறுவனத் தலைவர் ஹென்றி லேலண்டு அதில் 8,000 வேண்டும் என்றார். கொட்டகைக்காரர்கள் திகைத்துப்போய், 1909இல் டெல்கோ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர்.

இவ்விடத்தில் அக்காலக் கைப்பிடியைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். இயந்திரத்துள் எரிபொருள் வெடிப்பதற்குச் சரியான கணம் ஒன்று உண்டு. ஓட்டுநர் அக்கணத்தைச் சற்றுப் பின்தள்ளி வைத்துவிட்டுத்தான் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். மறந்துவிட்டால் உரிய காலத்திற்கு முன்பே வெடித்து, இயந்திரம் எதிர்த்திசையில் உதைக்கும். கைப்பிடி மின்னல்போல் திரும்பி வரும். மணிக்கட்டு முறியும், சிலர்க்கு முகத்திலும் அடி விழும். மணிக்கட்டு அருகே நேரும் ஒருவகை எலும்பு முறிவுக்கு மருத்துவர்கள் ‘ஓட்டுநர் முறிவு’ என்றே பெயர் வைத்தனர் என்றால், அது எத்தனைபேர்க்கு நேர்ந்திருக்கும்! பெருவிரலைக் கைப்பிடியைச் சுற்றி வளைக்காமல் மற்ற விரல்களோடு ஒருபக்கமாகவே வைக்க வேண்டும் என்பது பழைய ஓட்டுநர் ஒவ்வொருவரும் அறிந்த பாடம். லேலண்டின் நண்பர் ஒருவர் இத்தகைய அடியால் உயிரிழந்தார் என்றும், அத்துயரமே அவரைக் கெட்டரிங்கிடம் அழைத்துச் சென்றது என்றும் பலர் சொல்வர்.

கைப்பிடிக்கு மாற்றுத் தேடியவர்களில் கெட்டரிங் முதல்வர் அல்லர். அழுத்தப்பட்ட காற்று, முறுக்கிய சுருள்வில், வெடிக்கும் வாயு எனப் பலரும் பலவற்றை முயன்றனர். மின்மோட்டாரையும் சிலர் முயன்று, இயந்திரத்தின் அளவுக்கே மோட்டாரும் வேண்டும் என்று கண்டு கைவிட்டனர். இங்கேதான் கல்லாப்பெட்டி கைகொடுத்தது. இயந்திரம் கிளம்பச் சில நொடிகள் போதும். சிறு மோட்டாருக்குச் சிறிய பற்சக்கரம். இயந்திரத்தின் கனத்த சுழல்சக்கரத்தின் விளிம்பிலே நிறையப் பற்கள். மோட்டார் பலமுறை சுழல, பெருஞ்சக்கரம் மெல்ல ஆனால் வலிமையுடன் திரும்பும். இன்னொன்றையும் அவர் சேர்த்துச் சிந்தித்தார். மின்கலத்தின் ஆற்றலைச் செலவிட்டுக்கொண்டே போனால் அது தீர்ந்துவிடும். அதை மீண்டும் நிரப்புவது யார்? இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அதே மோட்டார் மின்னாக்கியாக மாறி, கடன் வாங்கிய மின்சாரத்தைத் திருப்பித் தரும்படி அமைத்தார். விளக்குகளும் தீப்பொறியும் அதே மின்சாரத்தால் இயங்கின. தனித்தனிக் கருவியாக அன்றி, ஒரு குடும்பமாக அவற்றை இணைத்ததே அவருடைய வெற்றி. இன்றைய ஹைபிரிட் மகிழுந்துகள் சிலவற்றில், கிளப்புவதும் மின்னாக்குவதும் ஒரே கருவியாக இருப்பதைப் புதுமை என விளம்பரம் செய்கிறார்கள். கெட்டரிங் இருந்திருந்தால் புன்னகைத்திருப்பார்.

1911 பிப்ரவரியில் காடிலாக் வண்டியில் மின் துவக்கி இயக்கிக் காட்டப்பட்டது. 12,000 வேண்டும் என்று கேட்டு லேலண்டு மீண்டும் திகைக்க வைத்தார். 1912இன் காடிலாக் வண்டிகள் அனைத்தும் அதனுடன் வந்தன. அம்முயற்சிக்காக அந்நிறுவனம் இங்கிலாந்தின் டூவர் கோப்பையை இரண்டாம் முறையாகப் பெற்றது. மலிவுக்குப் பெயர்பெற்ற ஃபோர்டின் மாடல் டி வண்டிக்கு 1919இல் மின் துவக்கி கிடைத்தது.

இதன் விளைவு வியப்புக்குரியது. அதுவரை கைப்பிடி சுழற்ற இயலாதவர்கள், தனியே ஓட்ட விரும்பிய பெண்கள் பலர், மின்கலத்தால் ஓடும் மகிழுந்துகளையே நாடினர். ஆம், அன்றே மின்சார மகிழுந்து இருந்தது! பெட்ரோல் வண்டியின் பெருங்குறையை ஒரு சிறு மின்மோட்டார் நீக்கிவிட, மின்சார மகிழுந்துகள் சந்தையிலிருந்து மெல்ல மறைந்தன. மின்சாரமே மின்வண்டிக்கு வினையாயிற்று. இன்று ஐதராபாத்தின் சாலைகளில் பச்சைப் பலகை தாங்கி அவை திரும்பி வந்திருக்கின்றன.

மின் துவக்கியின் சொற்கள் நம் பட்டறைகளிலும் குடியேறிவிட்டன. துவக்க மோட்டாரின் பற்சக்கரத்தை ஓடவிட்டுப் பெருஞ்சக்கரத்துடன் சேர்க்கும் அமைப்பை வின்சென்ட் பெண்டிக்ஸ் என்பவர் பின்னர் மேம்படுத்தினார். இன்றும் மெக்கானிக்குகள், ‘பெண்டிக்ஸ் போய்விட்டது’ என்கிறார்கள். அது ஒருவரின் பெயர் என்பதை அறிந்தவர் சிலரே. சென்னைக்கு அருகே பாடியில் 1961இல் தொடங்கப்பட்ட லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை, மின் துவக்கிகளைத் தமிழ்நாட்டிலேயே செய்யலாயிற்று. உங்களில் சிலருடைய உறவினர்கள் அங்கே பணியாற்றியிருக்கலாம்.

டெல்கோ பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் இணைந்தது. 1920 முதல் 1947 வரை அதன் ஆய்வுப்பிரிவுக்குக் கெட்டரிங் தலைவராக இருந்தார். எல்லாம் வெற்றியாக அமையவில்லை. நீருக்குப் பதிலாகச் செப்புத் தகடுகளால் குளிர்விக்கப்படும் இயந்திரம் ஒன்றில் அவர் பெருநம்பிக்கை வைத்தார். 1923இல் அது தோற்றது. விற்ற வண்டிகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. மனம் நொந்து பணிவிலக முன்வந்தார். நிறுவனம் விடவில்லை.

செப்பு இயந்திரத்தால் நிறுவனத்துக்குப் பணநட்டம் மட்டுமே. இன்னொரு செயலின் கேடு உலகைச் சூழ்ந்தது. அதனை உங்களிடம் மறைப்பது முறையன்று. இயந்திரத்துள் பெட்ரோல் தட்டும் ஓசையுடன் தாறுமாறாக எரிவதைத் தடுக்க ஒரு பொருளைத் தேடினர். அவரிடம் பணியாற்றிய தாமஸ் மிட்ஜ்லி 1921 டிசம்பரில் ஈயச் சேர்மம் ஒன்றைக் கண்டார். ஈயம் நஞ்சு என்பது பண்டைக்காலத்திலிருந்தே தெரிந்த செய்தி. எத்தனால் என்னும் சாராயப் பொருளைக் கலந்தாலும் அவ்வோசை அடங்கும் என்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர். எனினும் ஈயம் மலிவு, காப்புரிமையும் கிடைக்கும். அதை விற்பதற்கென அமைந்த நிறுவனத்தின் முதல் தலைவர் கெட்டரிங்கே. 1924 அக்டோபரில் நியூஜெர்சியில் அதைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர் ஐவர் அறிவு பேதலித்து மாண்டனர். சில காலம் விற்பனை நின்றது, மீண்டும் தொடர்ந்தது. உலகெங்கும் மகிழுந்துப் புகையில் ஈயம் கலந்தது. அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தாக்கும் என்பது பின்னர் உறுதியாயிற்று. இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது. உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. இன்று பெட்ரோல் நிலையங்களில் எத்தனால் கலந்த பெட்ரோலையே நமக்கு ஊற்றுகிறார்கள்.

மணிக்கட்டு முறியாமல் காத்தவர், கண்ணுக்குத் தெரியாத தீங்குக்கும் துணைநின்றார். இவ்விரண்டையும் ஒரு தராசில் எப்படி நிறுப்பது? நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அறியாமல் செய்தார் என்று சொல்லித் தப்பிக்க அவருடைய வாழ்க்கை இடம் தரவில்லை. தொழிலாளர் ஐவரின் சாவை அவர் அறிந்தே இருந்தார். பட்டறைக்காரர் சேர்த்த அந்த ஒரு கம்பி எனக்கு அப்போதெல்லாம் நினைவுக்கு வரும்.

முதுமையில் அவர் தம் செல்வத்தில் பெரும்பகுதியை மருத்துவ ஆய்வுக்கு ஈந்தார். ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்பிரட் சுலோனும் அவரும் இணைந்து 1945இல் நியூயார்க்கில் நிறுவிய புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. அடுத்த ஆண்டே அவருடைய மனைவி ஆலிவ் அதே நோய்க்கு இரையானார். கெட்டரிங் 1958 நவம்பர் 25 அன்று டேட்டனில் காலமானார்.

அதே காலத்தில்தான் நம் நாட்டில் அம்பாசிடர் மகிழுந்து ஓடத் தொடங்கியது. மின் துவக்கி இருந்தபோதும் அதனுடன் ஓர் இரும்புக் கைப்பிடியையும் கொடுத்தனர். மின்கலம் கைவிட்டால் அது துணை. என் வண்டியில் அதுவும் இல்லை. சென்ற திசம்பரில் ஒருநாள் மாலை, பள்ளி வாயிலில் பெருமையோடு பொத்தானை அழுத்தினேன். டக் என்று ஓர் ஒலி, அவ்வளவே. மின்கலம் உயிரிழந்திருந்தது. பத்தாம் வகுப்பு மாணவர் நால்வர் புத்தகப்பைகளைச் சுவரோரம் வைத்துவிட்டு ஓடிவந்தனர். இரண்டாம் கியரில் வைத்துக் கிளட்சை மிதித்துக்கொள்ளும்படி அவர்களே எனக்குச் சொல்லித் தந்தனர். பின்னால் நின்று தெலுங்கிலும் தமிழிலும் கூவியபடி தள்ளினர்.

பயிற்சி

1. துவக்க மோட்டார் ஏன் சிறிதாக இருந்தாலும் போதும்? தேரோட்ட உவமையைப் பயன்படுத்தி ஐந்து தொடர்களில் எழுதுக.

2. பொத்தானை அழுத்தியது முதல் சுழல்சக்கரம் திரும்புவது வரை மின்னோட்டம் செல்லும் வழியைப் படமாக வரைந்து, உறுப்புகளைத் தமிழில் குறிக்க.

3. ஊரில் உள்ள தாத்தாவிடமோ பெரியப்பாவிடமோ தொலைபேசியில் பேசுங்கள். பேருந்துக்கும் லாரிக்கும் ‘ஹேண்டில் போட்ட’ காலத்தை அவர் கண்டிருந்தால், அவர் கூறுவதைச் செய்தியாகத் தொகுத்து எழுதுக.

4. பிரித்து எழுதுக: சாவித்துளை, தீப்பொறி, மின்னோட்டம், பெருவிரல், தேரோட்டம்.

5. ஈயப் பெட்ரோல் பற்றிய பகுதியை மீண்டும் படியுங்கள். 1924இல் நீங்கள் கெட்டரிங்கின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்திருந்தால் அவருக்கு எழுதியிருக்கக்கூடிய கடிதத்தை ஒரு பக்க அளவில் எழுதுக. வகுப்பில் இருவர் மாறுபட்ட கருத்தோடு எழுதினால், இரண்டையும் வாசித்துக் காட்டுவோம்.